மழையில மேடு ஏறுற வண்டி எது? தார், ஜிம்னி, கூர்க்கா: குலசேகரத்துப் பக்கமிருந்து ஒரு கணக்கு

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டு எழுத்தாக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடு வண்டி பத்தினது. ஆனா ரிவ்யூ இல்லை. ஷோரூம்ல கொடுத்த வண்டியை அரை நாள் ஓட்டிப் பார்த்துட்டு மார்க் போடுற வேலையும் இல்லை. எங்க குடும்பத்துல ஒரு வண்டி மாத்தணும்னு பேச்சு வந்தது. தேர்ந்தெடுக்கிற பொறுப்பு என் தலையில விழுந்தது. அதுல நான் கத்துக்கிட்டதையும், தப்பா நினைச்சுட்டிருந்ததையும் சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். இப்போ சென்னை. எங்க சித்தப்பாவுக்குக் குலசேகரம் தாண்டி கடையால் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருக்கு. பெரிய எஸ்டேட்னு நினைச்சுடாதீங்க, சின்னத் தோட்டம்தான். தார் ரோட்டுல இருந்து தோட்டத்து வீடு வரைக்கும் ஒண்ணரை கிலோமீட்டர் மண் ரோடு. நடுவுல ஒரு மேடு, அந்த மேட்டுலயே ஒரு வளைவு. இந்த எபிசோடு முழுக்க அந்த வளைவைச் சுத்தித்தான்.

போன ஜூன் மாசம். அங்க தென்மேற்குப் பருவமழைக்கு எடவப்பாதின்னு பேர். விடாம பெஞ்சுட்டிருந்தது. ரெயின் கார்டு போட்ட மரங்கள்ல மழையிலயும் பால் வெட்டுவாங்க. காலையில அஞ்சு மணிக்கு ஹெட்லைட் கட்டிக்கிட்டு வெட்டப் போன அண்ணன் ஒருத்தரை கால்ல அணலி கடிச்சிடுச்சு. அணலின்னா விரியன் பாம்பு. 108-க்குப் போன் பண்ணாங்க. ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைக்கும் வரும், அதுக்கு மேல ஏறாது. அந்த ஒண்ணரை கிலோமீட்டர் நம்ம பொறுப்பு.

சித்தப்பா தன்னோட வண்டியை எடுத்தார். ஒன்பது வருஷம் ஆன டீசல் ஃபோர் வீல் டிரைவ். பிராண்ட் பேரைச் சொல்லப் போறதில்லை, ஏன்னு பிறகு சொல்றேன். வண்டி ஸ்டார்ட் ஆச்சு, டேஷ்போர்டுல மஞ்ச லைட் எரிஞ்சது, இழுவை இல்லை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் எஞ்சின் முனகுது, ஆனா ஏறலை. வளைவுல நின்னுடுச்சு. கடைசியில பக்கத்துத் தோட்டத்துக்காரரோட பழைய மஹிந்திரா ஜீப் வந்தது. பூஜோ டீசல் எஞ்சின் போட்ட, முப்பது வருஷத்துக்கு மேல ஆன ஜீப். கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பாங்க. அந்த ஜீப்தான் அண்ணனை இறக்கிக் கொண்டு வந்தது.

அவர் பிழைச்சுட்டார். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல எட்டு நாள் இருந்துட்டு வந்தார். இப்போ திரும்பவும் பால் வெட்டுறார். ஆனா அந்த வளைவுல போனது இருபத்தஞ்சு நிமிஷம். சித்தப்பாவுக்கு அது மனசை விட்டுப் போகலை. ராத்திரி எனக்குப் போன் பண்ணி இதைத்தான் சொன்னார்: "மக்கா, நீ கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லு, எந்த வண்டி வாங்கணும்னு. மேடு ஏறுகது பெருசில்ல. போன வண்டி திரும்பி வரணும்லா."

முதல்ல ஏடிவி

இந்த எபிசோடு வருதுன்னு சொன்னதுமே நண்பர்கள் ரெண்டு மூணு பேர் கேட்ட கேள்வி: "ஏன் ப்ரோ, ஒரு ஏடிவி வாங்கிடலாமே?" பீச்சுல காசு குடுத்து ஓட்டுவோமே, நாலு குண்டு டயரு, பைக் மாதிரி ஹேண்டில்பார், அந்த வண்டி. வெளிநாட்டுல பண்ணைகள்ல இது நிஜமாவே வேலை செய்ற வண்டி. 1970-ல ஹோண்டா மூணு சக்கரத்துல ஒண்ணு கொண்டு வந்தாங்க. அது கவிழுது கவிழுதுன்னு ஏகப்பட்ட விபத்து நடந்து, 1988-ல அமெரிக்காவுல மூணு சக்கர ஏடிவி விற்பனையே நின்னது. அதுக்கப்புறம் எல்லாம் நாலு சக்கரம்தான். ஹோண்டா, யமஹா, போலாரிஸ், கேன்-ஆம்னு அங்க பிராண்ட் சண்டையே தனியா நடக்கும்.

நம்ம ஊர்ல சிக்கல் வேற. வழக்கமான ஏடிவியை ரோட்டுல ஓட்டப் பதிவு பண்ண முடியாது. போலாரிஸ் ஒரு மாடலை ட்ராக்டர் வகையில கொண்டு வந்து அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஆனா பாம்பு கடிச்ச ஒருத்தரை அதுல எப்படிப் படுக்க வைக்கிறது? மழையில நனையாம எப்படிக் கொண்டு வர்றது? அந்தக் கேள்வியிலேயே ஏடிவி பட்டியல்ல இருந்து போயிடுச்சு.

உண்மையைச் சொன்னா, குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களோட ஏடிவி டிவிஎஸ் எக்ஸெல்தான். முன்னாடி பால் கேன், பின்னாடி ஷீட் கட்டு, அதுக்கும் மேல ஒரு ஆள். ஒத்தையடிப் பாதையில எல்லாம் போகும். சித்தப்பாகிட்டயும் ஒண்ணு இருக்கு. ஆனா அதுலயும் நோயாளியை ஏத்த முடியாது.

எக்செல் ஷீட்டுல மூணு பேர்

அதனால பட்டியல் மூணுல வந்து நின்னது. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா. கூடவே பழைய வண்டிச் சந்தையில கிடைக்கிற மாருதி ஜிப்ஸி. ஒவ்வொண்ணையும் பார்த்துடலாம்.

தார்னு இப்போ நாம சொல்றது 2020-ல வந்த ரெண்டாம் தலைமுறை. கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மில்லிமீட்டர். 650 மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணியில இறங்கலாம்னு கம்பெனி சொல்லுது. டீசல் 2.2 லிட்டர், பெட்ரோல் 2 லிட்டர் டர்போ. குளோபல் என்கேப் விபத்துச் சோதனையில 4 ஸ்டார். ஒண்ணு கவனிக்கணும்: 2023-ல இருந்து பின் சக்கரம் மட்டும் ஓடுற தாரும் விக்குறாங்க. பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது ஃபோர் வீல் டிரைவ் லீவர் இருக்கான்னு முதல்ல பாருங்க. பளபளப்பு எல்லாம் அதுக்கப்புறம்.

ஜிம்னி 2023 ஜூன்ல இந்தியாவுக்கு வந்தது, அஞ்சு கதவு. பெட்ரோல் மட்டும்தான், 1.5 லிட்டர். கிரவுண்ட் கிளியரன்ஸ் 210. நல்ல விஷயம், ஃபோர் வீல் டிரைவும் லோ ரேஞ்சும் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. இன்னொண்ணு எடை. சுமார் 1,200 கிலோதான். தார் அதைவிடக் கிட்டத்தட்ட அரை டன் கூட. கூர்க்கா அதையும் தாண்டும்.

கூர்க்கா 2021-ல புதுசா வந்தது, 2024-ல எஞ்சினை 140 குதிரைத்திறன் ஆக்கினாங்க. 2.6 லிட்டர் டீசல். முன்னாடியும் பின்னாடியும் டிஃபரன்ஷியல் லாக், ஸ்நோர்கல், 700 மில்லிமீட்டர் தண்ணி. பேப்பர்ல பார்த்தா மூணுலயும் இதுதான் முரடன்.

ஜிப்ஸி 1985-ல வந்து 2019-ஓட பொது விற்பனையில நின்னது. எடை குறைவு, பெட்ரோல், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். ராணுவம் விரும்பி ஓட்டின வண்டி. குதிச்சுக் குதிச்சுப் போகும், முதுகு சொல்லும்.

மேட்டுல என்ன நடக்குது?

எங்க பக்கத்து செம்மண் காய்ஞ்சா ஓடு, நனைஞ்சா சோப்பு. அதுல வண்டி ஏன் நிக்குதுன்னு புரிஞ்சாத்தான் எதுக்குக் காசு குடுக்கிறோம்னு தெரியும்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் சுத்தணும். அதுக்குத்தான் டிஃபரன்ஷியல். தார் ரோட்டுல இது அருமையான ஏற்பாடு. சேத்துல இதுவே வினை. பிடி இல்லாத சக்கரம் எதுவோ, அது சும்மா சுத்தும். பிடி இருக்கிற சக்கரம் அசையாம நிக்கும். ஃபோர் வீல் டிரைவ் போட்டாக்கூட முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்க, வண்டி அங்கேயே நிக்கலாம்.

இதுக்கு மூணு பேரும் மூணு பதில் வச்சிருக்காங்க. கூர்க்காவுல டிரைவரே லாக் போடலாம். போட்டா ரெண்டு சக்கரமும் ஒண்ணா சுத்தும், பேச்சே இல்லை. தார்ல சில வேரியன்ட்டில் பின்னாடி மெக்கானிக்கல் லாக் உண்டு. ஒரு சக்கரம் வேகமா வழுக்க ஆரம்பிச்சதும் தானா பூட்டிக்கும். எல்லா வேரியன்ட்டிலும் வராது, கேட்டு வாங்கணும். ஜிம்னியில லாக் கிடையாது. சும்மா சுத்துற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிச்சு, பலத்தை அடுத்த சக்கரத்துக்கு அனுப்பும். வேலை செய்யும். ஆனா வழுக்குறப்போ பயந்து காலை எடுத்துடக் கூடாது, ஆக்சிலரேட்டரை நிதானமா மிதிச்சுக்கிட்டே இருக்கணும். பழக்கம் வேணும்.

அடுத்தது லோ ரேஞ்ச். ஒரு சின்ன கியர் குச்சி. போட்டா சக்கரத்துக்குப் போற இழுவை ரெண்டு, ரெண்டரை மடங்கு கூடும். வேகம் அதே அளவு குறையும். மேடு ஏறுறதுக்குன்னு நினைப்போம். இறங்குறதுக்குத்தான் இதோட அருமை தெரியும். ஈர மண் இறக்கத்துல பிரேக்கை அழுத்தினா சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சறுக்கும். லோ ரேஞ்ச் முதல் கியர்ல விட்டா எஞ்சினே பிடிச்சுப் பிடிச்சு இறக்கும். ஆள் படுத்திருக்கிற வண்டியை இறக்குறதுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு எச்சரிக்கை: இந்த வண்டிகள்ல காய்ஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் டிரைவ் போட்டு ஓட்டாதீங்க. முன் அச்சும் பின் அச்சும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு கியர் பெட்டி பக்கம் கெட்டுப் போகும்.

இப்போ எடை. இதுல நான் தப்பா நினைச்சுட்டிருந்தேன். கனமான வண்டிதான் உறுதியான வண்டின்னு. ஊறிப்போன மண்ணுல கனமான வண்டி தாழும், பின்னோக்கிச் சறுக்க ஆரம்பிச்சா நிறுத்துறதும் கஷ்டம். எங்க வளைவுல லேசான ஜிம்னி கனமான வண்டிகளைவிடச் சுலபமா ஏறக்கூடும். ஆனா அதே ஜிம்னியில பின்னாடி ஆளைப் படுக்க வச்சு, ரெண்டு பேர் கூட உட்கார்ந்து, பெட்ரோல் எஞ்சினை மேல முறுக்கி ஏத்துறது வேற கதை. டீசல் குறைஞ்ச சுற்றுலயே இழுக்கும்.

இதெல்லாம் எழுதி வச்சிட்டு சித்தப்பாவுக்குப் போன் பண்ணேன். பொறுமையா கேட்டுட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "டயரு எந்த டயரு மக்கா?"

அதானே! எந்தப் பிராண்ட் வண்டியா இருந்தாலும் மண்ணைத் தொடுறது உள்ளங்கை அகலத்துக்கு நாலு இடம்தான். தார் ரோட்டு டயர்ல காடி மெல்லிசு. பத்தடி போறதுக்குள்ள செம்மண் அதை அடைச்சு வழவழன்னு ஆக்கிடும். அப்புறம் எந்த லாக்கும் உதவாது. ஆல் டெரெய்ன் டயர் பரவாயில்லை. சேத்து டயர்ல காடி ஆழம், சுத்துறப்போ மண்ணை உதறித் தள்ளும். தார் ரோட்டுல இரைச்சல், ஈர ரோட்டுல பிரேக் கொஞ்சம் மோசம். பாதி தார், பாதி மண்ணுன்னு ஓட்டுறவங்களுக்கு ஆல் டெரெய்ன் போதும். காத்தையும் மறக்காதீங்க. 30-க்கு மேல இருக்கிற காத்தை இருபதுகளுக்கு இறக்கினா டயர் தரையில இன்னும் பரந்து உட்காரும். சொத்தவிளை மாதிரி கடற்கரை மணல்லயும் இதே கணக்குதான். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்கணும். அதனால சின்ன கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும்.

நம்பகம்னா என்ன?

இனிதான் விஷயமே. நடந்ததுக்கு அப்புறம் ரெண்டு வாரம் வீட்டுல எல்லாரும் அந்த பிராண்டைத் திட்டிக்கிட்டிருந்தோம். நானும்தான். "பழைய ஜீப்புல சென்சார் இல்லை, அதான் வந்தது. புது வண்டி எல்லாம் கம்ப்யூட்டர், நம்ப முடியாது." வாட்ஸ்அப்ல பெரிய கட்டுரையே எழுதினேன்.

மூணாவது வாரம் குலசேகரத்துல மெக்கானிக் அண்ணாச்சி பானட்டுக்குள்ள ஒரு பக்கமா இருந்த வயர் கட்டைப் பிரிச்சார். உள்ள ரெண்டு வயர் பாதி அறுந்திருந்தது. பல் தடம். கீழ ரப்பர் விதைத் தோடு. "கம்பெனியைக் குத்தம் சொல்லாதீங்க. இது எலி பாத்த வேலை"ன்னார்.

வண்டி நின்னது ரப்பர் ஷீட் காயப்போடுற புகைக்கூட்டுக்குப் பக்கத்துல. கதகதப்பான இடம், மழைக்காலம், எலி வேற எங்க போகும்? எஞ்சினுக்குப் போக வேண்டிய தகவல் அறுந்ததும் கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாத்துறதுக்காக இழுவையைக் குறைச்சுடுச்சு. அது கெட்டுப் போகலை, தனக்குச் சொல்லிக் குடுத்ததைச் செஞ்சது. பிராண்ட் பேரை நான் சொல்லாததுக்கு இதுதான் காரணம். செய்யாத தப்புக்கு ரெண்டு வாரம் திட்டினதே போதும்.

ஆனா பக்கத்து வீட்டு ஜீப் ஏன் வந்தது? அதுல எலி கடிக்க வயரே அதிகம் இல்லைங்கிறது ஒண்ணு. அதைவிடப் பெருசு, அந்த ஜீப்பை அவர் தினமும் ஸ்டார்ட் பண்றார், வாரத்துல ஒரு நாள் பானட்டைத் திறந்து பார்க்கிறார். மஹிந்திரா 1940-களின் கடைசியில வில்லிஸ் ஜீப்பை இங்க பூட்ட ஆரம்பிச்சதுல இருந்து அந்த வகை வண்டியில கை வைக்கத் தெரிஞ்சவங்க சின்ன ஊர்லயும் தலைமுறை தலைமுறையா இருக்காங்க. நம்பகம்ங்கிறது பாதி வண்டிக்குள்ள இருக்கு. மீதி, உங்க வீட்டுல இருந்து எத்தனை கிலோமீட்டர்ல அதைத் திறக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கார், ஸ்பேர் எத்தனை நாள்ல வரும்ங்கிறதுல இருக்கு.

அந்தக் கணக்குல பார்த்தா மூணு வண்டியும் வேற மாதிரி தெரியும். மாருதிக்கு சர்வீஸ் வலை பெருசு. ஜிம்னியோட 1.5 எஞ்சின் குடும்பம் கம்பெனியோட மத்த கார்கள்லயும் ஓடுறதால எஞ்சின் ஸ்பேருக்கு அலைய வேண்டாம். ஆனா டிரான்ஸ்ஃபர் கேஸ், அச்சு மாதிரி ஜிம்னிக்கே உரிய சாமானுக்குக் காத்திருக்க நேரிடலாம். மஹிந்திராவுக்கு மலையடிவாரத்துல மெக்கானிக் பஞ்சம் இல்லை. ஃபோர்ஸுக்கு சர்வீஸ் சென்டர் மத்த ரெண்டையும் விடக் குறைவு. ஆனா கூர்க்கா எஞ்சின் அவங்களோட டிராவலர் வேன் எஞ்சினோட சொந்தம். உங்க ஊர்ல டிராவலர் பார்க்கிற நல்ல மெக்கானிக் இருந்தா பாதிக் கவலை குறையும்.

உங்களுக்கு எது?

நகரத்துல இருந்துக்கிட்டு, மாசத்துக்கு ஒருதரம் மலைப் பக்கம் போறீங்கன்னா ஜிம்னி. டிராஃபிக்லயும் தொல்லை குடுக்காது. குடும்பம், நெடுந்தூரம், ஊர்ல மண் ரோடு, எல்லாம் ஒரே வண்டியிலன்னா லாக் இருக்கிற ஃபோர் வீல் டிரைவ் தார் டீசல். நிஜமாவே மோசமான வழி, ஆறு தாண்டணும், பாரம் ஏத்தணும், மெக்கானிக்கும் பக்கத்துல உண்டுன்னா கூர்க்கா. ஜிப்ஸியும் பழைய ஜீப்பும் ஆசைக்கும் பழகின கைக்கும். 15 வருஷம் தாண்டின வண்டின்னா ஆர்சி புதுப்பிச்சிருக்கா, இன்னும் எத்தனை வருஷம் பாக்கின்னு பார்க்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. 2010-லிருந்து 2020 வரைக்கும் வந்த முதல் தார்ல 2015-க்கு அப்புறம் வந்ததைத் தேடுங்க, பின் லாக் அதுலதான் வர ஆரம்பிச்சது. அந்தத் தலைமுறையில ஏர்பேக் இல்லைங்கிறதையும் தெரிஞ்சு வாங்குங்க.

எந்த வண்டியா இருந்தாலும், காளிகேசம், கீரிப்பாறை பக்கம் ஓடைக்குள்ள இறக்கி வீடியோ எடுக்கிற ஆசை வேண்டாம். அந்த மலைகள்ல பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். அனுமதி இல்லாம உள்ள போறது குற்றம். ஓடைத் தண்ணி கீழ யாரோ குடிக்கிற தண்ணி.

வண்டிக்குள்ள கயிறு, மண்வெட்டி, வெட்டுக்கத்தி வச்சுக்குங்க. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடிச்சப்போ எங்க பக்கத்து ரப்பர் மரங்கள் கொத்துக் கொத்தா ரோட்டுல விழுந்து கிடந்தது. அன்னிக்கு எந்த ஃபோர் வீல் டிரைவும் உதவலை, கத்தியும் மரம் அறுக்கிற மெஷினும்தான் வழி விட்டது.

சரி, சித்தப்பா என்ன வாங்கினார்? எதுவும் வாங்கலை. வயரை மாத்தி, நாலு ஆல் டெரெய்ன் டயர் போட்டார். புது வண்டிக்குன்னு எடுத்து வச்சதுல ஒரு சின்னப் பங்கை எடுத்து, பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சேர்ந்து, அந்த வளைவுல தண்ணி குறுக்க ஓடாம ஓடை வெட்டி, முப்பதடிக்குக் கான்கிரீட் போட்டாங்க. நான் ராத்திரி கண் முழிச்சுப் போட்ட எக்செல் ஷீட்டுல கான்கிரீட்டுக்குக் காலமே இல்லை.

"அப்போ அடுத்த வண்டி எது சித்தப்பா?"ன்னு கேட்டேன். "தாரு. அண்ணாச்சிக்கு அதுதான் கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கத் தெரியும்"னார். ஐப்பசி மழையில நான் ஊருக்குப் போனப்போ பார்த்தேன்: வண்டி புகைக்கூட்டை விட்டுத் தள்ளி நிக்குது, பானட் திறந்திருக்கு, உள்ள ஒரு கட்டு புகையிலை தொங்குது. சாயங்காலம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுறார். கீழ தார் ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டுத்தான் சாப்பிட உட்கார்றார்.

உங்க ஊர்ல, உங்க வழியில எந்த வண்டி திரும்பி வருதுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.